குறைத்த எடை திரும்ப ஏறிடுச்சா? மறுபடி பிடிப்பது எப்படி?

புரட்டாசி முழுக்க சைவம், சாயங்காலம் அரை மணி நேர நடை, தேத்தண்ணியில் சீனி இல்லை. தராசில் 4 கிலோ இறங்கியது. பிறகு தீபாவளி வந்தது. அதன் பின்னால் வரிசையாகத் திறந்த இல்ல உபசரிப்புகள், இரண்டு கல்யாணம், ஒரு பிறந்தநாள். டிசம்பரில் தராசில் ஏறினால், போன எடையில் 3 கிலோ திரும்பி வந்துவிட்டது. "போச்சு, எல்லாம் வீண். நமக்கு இதெல்லாம் ஒத்து வராது" என்று பலர் முயற்சியைக் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

எடையைக் குறைத்தவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு கட்டத்தில் இது நடக்கிறது. ஏன் நடக்கிறது? எவ்வளவு ஏறினால் உஷாராக வேண்டும்? மறுபடி தொடங்கும்போது எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது? ஈப்போவுக்குத் தெற்கே இருக்கும் சிம்பாங் பூலாயை மனதில் வைத்துப் பார்ப்போம்.

சுருக்கமாகச் சொன்னால்:

• எடை குறைந்த பிறகு உடலே அதை மீட்கப் பார்க்கும். இது மன உறுதி மட்டும் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை.
• ஒரு நாள் தவறியதால் வரும் கொழுப்பு மிகக் குறைவு. பாதிப்பு, திரும்பி வர எத்தனை நாள் ஆகிறது என்பதில் இருக்கிறது.
• 2 கிலோ ஏறும்போதே கவனித்தால் பிடிப்பது எளிது.
• பட்டினியை விட, விட்ட பழக்கத்தில் ஒன்றை மறுபடி எடுப்பதே நல்லது.

சிம்பாங் பூலாயில் இது ஏன் பெரிய விஷயம்?

கிந்தா பள்ளத்தாக்கில், சுண்ணாம்புக்கல் மலைகளுக்கு நடுவே இருக்கும் ஊர் சிம்பாங் பூலாய். ஈப்போ, கோப்பெங் பக்கமும் கேமரன் மலைப் பக்கமும் சாலை பிரியும் சந்திப்பு இது. இந்த வட்டாரத்தில் ரப்பர் தோட்டங்கள் இருந்தன. பத்து காஜா பக்கம் இன்று சுற்றுலாப் பயணிகள் போய்ப் பார்க்கும் கெல்லிஸ் கோட்டைகூட ஒரு தோட்ட முதலாளி கட்டியதுதான்.

அந்தத் தலைமுறையின் தாத்தா பாட்டிகள் விடியுமுன் பெரட்டுக்குப் போனவர்கள். நூற்றுக்கணக்கான பால்மரங்களைச் சீவி, பால் வாளியைச் சுமந்து நடந்தவர்கள். அந்த உழைப்புக்குச் சோறு நிறைய வேண்டியிருந்தது. தோட்ட வாழ்க்கை போய்விட்டது. ஆனால் மூன்று வேளைச் சோறும் சீனி போட்ட தேத்தண்ணியும் பல வீடுகளில் அப்படியே இருக்கின்றன. பேரப்பிள்ளைகளுக்குத் தொழிற்சாலை ஷிப்ட், கடை, அலுவலகம், மோட்டார் சைக்கிள். உடல் அசைவது குறைந்துவிட்டது.

நாடு முழுவதும் நிலைமை இதுதான். சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வின்படி, 2019-இல் மலேசியப் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் அதிக எடையோடு அல்லது உடல் பருமனோடு இருந்தனர். 2023-இல் அது 54.4 விழுக்காடு. 2019 ஆய்வில் நீரிழிவு இந்தியர்களிடையே மிக அதிகமாக இருந்தது; ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு.

அதனால்தான் நமக்கான அளவுகோலும் கண்டிப்பானது. மலேசிய மருத்துவ வழிகாட்டுதலில் பிஎம்ஐ 23-ஐத் தொட்டாலே அதிக எடை, 27.5-ஐத் தொட்டால் உடல் பருமன். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் எட்டக்கூடாது. "நான் குண்டே இல்லையே" என்று நினைப்பவருக்கும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு இருந்தால் ஆபத்து உண்டு.

எடை ஏன் திரும்ப ஏறுகிறது? மன உறுதி இல்லாததாலா?

முக்கியக் காரணம் உடலே. கொழுப்பு குறைந்தால் உடல் அதைப் பஞ்ச காலம் என்று எடுத்துக்கொள்கிறது. வயிறு நிறைந்ததாக மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது. மெல்போர்ன் ஆய்வாளர்கள் 50 பேரை 10 வாரம் மிகக் குறைந்த கலோரி உணவில் வைத்துப் பார்த்தார்கள். ஒரு வருடம் கழித்தும் அந்த ஹார்மோன்கள் பழைய நிலைக்கு வரவில்லை. 2011-இல் வெளியான முடிவு அது.

அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகத்தின் கெவின் ஹால் குழு இதற்கு ஒரு கணக்குப் போட்டது. குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் உடல் செலவழிக்கும் சக்தி நாளுக்குச் சுமார் 20 முதல் 30 கலோரி குறைகிறது. ஆனால் பசி நாளுக்குச் சுமார் 100 கலோரி அளவுக்குக் கூடுகிறது. அதாவது 5 கிலோ குறைத்த ஒருவரை, தினமும் முன்பைவிட 500 கலோரி அதிகமாகச் சாப்பிடச் சொல்லி உடல் தள்ளிக்கொண்டே இருக்கும். "முன்னயவிட இப்பதான் அதிகமா பசிக்குது" என்று யாராவது சொன்னால் அது சாக்கு இல்லை, உண்மை.

வேகமாகக் குறைத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தெரிந்த உதாரணம், அமெரிக்காவின் 'தி பிக்கஸ்ட் லூசர்' தொலைக்காட்சிப் போட்டி. அதில் கலந்துகொண்ட 14 பேரை ஹால் குழு 6 ஆண்டுகள் கழித்துச் சோதித்தது. போட்டியில் சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள், சராசரியாக 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். அவர்கள் உடல் ஓய்வில் இருக்கும்போது செலவழிக்கும் சக்தி, அந்த எடைக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. உலகமே பார்க்க உழைத்தவர்களுக்கே இந்த நிலைமை.

ஒரு நாள் தவறினா எல்லாம் போச்சா?

இல்லை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ கொழுப்பு சேர, தேவைக்கு மேல் சுமார் 7,700 கலோரி வேண்டும். ஒரு ரொட்டி சானாய் ஏறக்குறைய 300 கலோரி. தேவைக்கு மேல் ஒன்று சாப்பிட்டால் அதிகபட்சம் 40 கிராம் கொழுப்பு சேரலாம். அவ்வளவுதான்.

தீபாவளி முடிந்த மறுநாள் தராசு 2 கிலோ கூடக் காட்டுகிறதா? அது முழுக்கக் கொழுப்பாக இருக்க, வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் 50-க்கும் அதிகமான ரொட்டி சானாய் சாப்பிட்டிருக்க வேண்டும். உண்மையில் அதில் பெரும்பகுதி தண்ணீர். சோறு, பலகாரம் போன்ற மாவுச்சத்தை உடல் கிளைகோஜன் என்ற வடிவத்தில் சேமிக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் சேர்ந்து தங்குகிறது. முறுக்கு, ஊறுகாய், கறியில் இருக்கும் உப்பும் தண்ணீரைப் பிடித்து வைக்கும். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் சில நாட்களில் இது தானாக இறங்கிவிடும்.

ஆனால் அதே ஒரு ரொட்டி சானாய் தினமும் கூடுதலாகப் போனால்? ஏறக்குறைய 26 நாளில் ஒரு கிலோ. தீபாவளி நாள் பிரச்சினை இல்லை. தீபாவளி ஜனவரி வரை நீள்வதுதான் பிரச்சினை.

"நனைஞ்சாச்சு, இனி முக்காடு எதுக்கு?"

முழுக்க நனைந்தவனுக்கு முக்காடு எதற்கு என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. டயட்டில் இருப்பவர்களின் மனம் அப்படித்தான் வேலை செய்கிறது.

1975-இல் வெளியான ஓர் ஆய்வில், உளவியலாளர் பீட்டர் ஹெர்மனும் டெபோரா மேக்கும் மாணவிகளுக்கு முதலில் மில்க்‌ஷேக் கொடுத்தார்கள். பிறகு ஐஸ்கிரீமை "ருசி பார்க்க" விட்டார்கள். சாப்பாட்டைக் கட்டுப்படுத்தும் பழக்கம் இல்லாதவர்கள், மில்க்‌ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமைக் குறைவாகச் சாப்பிட்டார்கள். வயிறு நிறைந்தால் அப்படித்தானே இருக்க வேண்டும்? ஆனால் எப்போதும் சாப்பாட்டைக் கட்டுப்படுத்துபவர்கள், மில்க்‌ஷேக் குடித்த பிறகு இன்னும் அதிகமாகச் சாப்பிட்டார்கள். "இன்னிக்கு டயட் போச்சு, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்பதுதான் அதன் பொருள்.

விதி எவ்வளவு கடுமையோ, அது உடையும்போது இந்த எண்ணமும் அவ்வளவு பலமாக வரும். "இனி சோறே தொடமாட்டேன்" என்பவருக்கு ஒரு கைப்பிடி சோறே தோல்வி. "மதியம் மட்டும் சோறு" என்பவருக்கு இரவில் ஒரு நாள் சோறு சாப்பிட்டால், அது ஒரு நாள் சோறு மட்டும்தான். அதனால் வழுக்கிய பிறகு கேட்க வேண்டிய கேள்வி "ஏன் இப்படிப் பண்ணினேன்?" என்பது இல்லை. "அடுத்த வேளை என்ன சாப்பிடுவேன்?" என்பதுதான். திங்கட்கிழமைக்கோ, அடுத்த மாதம் முதல் தேதிக்கோ காத்திருக்க வேண்டாம்.

எவ்வளவு ஏறினால் உஷாராகணும்?

இதற்கு அமெரிக்காவில் ரீனா விங் குழு நடத்திய ஓர் ஆய்வு நல்ல வழி காட்டுகிறது. ஏற்கெனவே நிறைய எடை குறைத்திருந்த 314 பேர் அதில் பங்கெடுத்தார்கள். சிலருக்கு அடிக்கடி எடை பார்த்து, சாலை சிக்னல் போல மூன்று நிறமாகப் பிரித்துச் செயல்படச் சொல்லிக் கொடுத்தார்கள்.

• பச்சை: தொடக்க எடையிலிருந்து சுமார் 1.4 கிலோவுக்குள். அப்படியே தொடரலாம்.
• மஞ்சள்: அதைவிடக் கொஞ்சம் கூடியிருக்கிறது. எங்கே மாறியது என்று பார்த்து, ஒன்றிரண்டைச் சரிசெய்ய வேண்டும்.
• சிவப்பு: சுமார் 2.3 கிலோ அல்லது அதற்கு மேல். எடை குறைத்த காலத்தில் செய்தவற்றை மறுபடி தொடங்க வேண்டும், உதவி கேட்க வேண்டும்.

18 மாதம் கழித்துப் பார்த்தபோது, வெறும் தகவல் மடல் மட்டும் கிடைத்தவர்களில் 72 விழுக்காட்டினருக்கு 2.3 கிலோவுக்கு மேல் ஏறியிருந்தது. நேரில் குழுவாகச் சந்தித்து இந்த முறையைப் பின்பற்றியவர்களில் அது 46 விழுக்காடு. 2006-இல் வெளியான முடிவு இது. எல்லாருக்கும் பலன் கிடைத்துவிடவில்லை, ஆனால் வித்தியாசம் பெரியது.

வாரத்தில் ஒன்றிரண்டு நாள், காலையில், சாப்பிடுவதற்கு முன், ஒரே தராசில் எடை பார்த்து எழுதி வையுங்கள். ஒரு நாள் எண்ணைப் பெரிதாக எடுக்காமல் மூன்று நான்கு வாரப் போக்கைப் பாருங்கள். எடை பார்ப்பதே மனதைப் பாரமாக்குகிறது என்றால் இடுப்பை அளக்கலாம், பழைய பேண்ட் எப்படிப் பொருந்துகிறது என்று பார்க்கலாம்.

மறுபடி தொடங்குவது எப்படி?

முதலில், எது உங்களுக்கு வேலை செய்தது, அது எப்போது நின்றது என்று யோசியுங்கள். ஷிப்ட் மாறியதா? நடக்கக் கூட வந்த நண்பர் வேலைக்காக சிங்கப்பூர் போய்விட்டாரா? பரீட்சையா? மழைக் காலமா? காரணம் தெரிந்தால் மாற்றுவழி தெரியும்.

பிறகு ஒன்றை மட்டும் எடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கினால் எல்லாமே ஒரே நாளில் நின்றுவிடும்.

பானம்: பலருக்கு இதுதான் எளிதான இடம். சீனியும் பாலும் இல்லாத தே ஓ கோசோங், அது கஷ்டமென்றால் சீனி குறைத்த 'குராங் மானிஸ்'. நாளுக்கு மூன்று தே தாரேக் குடிப்பவர் ஒன்றாகக் குறைத்தாலே வித்தியாசம் தெரியும்.

தட்டு: சுகாதார அமைச்சின் 'சுக்கு சுக்கு செப்பாரோ' முறையை நினைவில் வையுங்கள். தட்டில் கால் பகுதி சோறு அல்லது மாவுச்சத்து, கால் பகுதி மீன், கோழி, முட்டை, பருப்பு போன்ற புரதம், பாதி காய்கறியும் பழமும். கேமரன் மலைக் காய்கறிகள் இந்த ஊர் வழியாகத்தான் கீழே இறங்குகின்றன. வாழை இலைச் சாப்பாட்டிலும் இது முடியும். காய்கறியை இரண்டாம் முறை கேளுங்கள், சோற்றை வேண்டாம். கடையில் தப்பாவ் பண்ணும்போது "சோறு பாதி போதும், காய் கூட வைங்க அண்ணே" என்றால் கேட்பார்கள்.

புரதம்: கலோரி குறையும்போது கொழுப்போடு தசையும் குறைகிறது. ஒவ்வொரு வேளையிலும் கொஞ்சம் புரதம் இருந்தால் பசியும் தாங்கும், தசையும் காப்பாற்றப்படும். வாரத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதல், புஷ்-அப், தண்ணீர் நிரப்பிய போத்தலைத் தூக்குதல் ஆகியவையே தொடக்கத்துக்குப் போதும்.

நடை: உலகச் சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. குறைத்த எடையைத் தக்கவைக்க அந்த மேல் அளவை நோக்கிப் போவது நல்லது. சிம்பாங் பூலாயின் பெரிய சாலைகளில் லோரிகள் ஓடுவதால் அங்கே நடக்க வேண்டாம். தாமானுக்குள் இருக்கும் தெருக்களே பாதுகாப்பு. வார இறுதியில் ஈப்போவின் போலோ மைதானம், டி.ஆர். சீனிவாசகம் பூங்கா என்று போகலாம். வெயிலுக்கு முன் காலை 8 மணிக்குள், அல்லது மாலை 6 மணிக்குப் பிறகு. மழை என்றால் வீட்டிலேயே 10 நிமிடம் ஆடினாலும் கணக்கில் சேரும்.

தூக்கம்: தூக்கம் குறைந்தால் பசி கூடும், இனிப்பு தேடும். இரவு ஷிப்ட் வேலை செய்பவர்கள் வேலைக்குப் போவதற்கு முன் முறையாக ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு, நள்ளிரவுக்கு முட்டை, பழம், கடலை போன்றவற்றைக் கையில் கொண்டுபோவது நல்லது. கையில் ஒன்றும் இல்லையென்றால் விடிகாலை 3 மணிக்குக் கிடைப்பது மெகி மீ கோரேங்தான்.

வீட்டில் என்ன சொல்வது?

நம் வீடுகளில் சாப்பாடு போடுவதுதான் பாசம். "என்ன இப்படி இளைச்சுட்ட, கொஞ்சம் போட்டுக்க" என்று ஒரு பக்கம். எடை ஏறியதும் "திரும்ப குண்டாயிட்டியே, டயட் என்னாச்சு?" என்று கல்யாண வீட்டு ஆண்ட்டிகள் இன்னொரு பக்கம். கிண்டல் எடையைக் குறைக்காது. உடலைக் கேலி செய்வது ஆளை அதிகமாகச் சாப்பிடவும், உடற்பயிற்சியைத் தவிர்க்கவும் வைக்கிறது என்று ஆய்வுகள் தொடர்ந்து காட்டுகின்றன.

வேண்டாம் என்று சொல்வதைவிட வேறொன்று கேட்பது சுலபம். "போதும்மா" என்றால் இன்னொரு கரண்டி விழும். "அம்மா, அந்தக் கீரை இன்னும் கொஞ்சம் வைங்க" என்றால் அம்மாவுக்கும் சந்தோஷம், தட்டிலும் இடம் இருக்காது. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இனிப்பு நீர் இருந்தால், "வாங்கப்பா, சேர்ந்து நடப்போம்" என்று கூப்பிடுங்கள். இருவருக்கும் அது மருந்து.

எதைச் செய்யக்கூடாது?

ஏறியதை ஒரே வாரத்தில் இறக்கப் பட்டினி கிடக்காதீர்கள். தசை போகும், பசி இரட்டிப்பாகும், அடுத்த சறுக்கல் சீக்கிரம் வரும்.

சமூக ஊடகத்தில் விற்கும் "ஸ்லிம்மிங் கோப்பி", மாத்திரைகளை நம்பாதீர்கள். இப்படிப்பட்ட பொருள்களில் சிபுட்ராமின் என்ற மருந்து கலந்திருந்ததை மலேசிய அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். மாரடைப்பு, பக்கவாத ஆபத்தால் 2010-இல் பல நாடுகளில் சந்தையிலிருந்து நீக்கப்பட்ட மருந்து அது. பதிவு பெற்ற மருந்துப் பொருளில் 'எம்ஏஎல்' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும்.

எடை குறைக்கும் ஊசிகளும் ஒருமுறை போட்டு முடிக்கிற விஷயம் இல்லை. செமக்ளூடைடு மருந்தை நிறுத்தியவர்களை ஒரு வருடம் கழித்துப் பார்த்த ஆய்வில், குறைத்த எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது. டாக்டரின் கண்காணிப்பு இல்லாமல் தொடங்கவும் வேண்டாம், திடீரென நிறுத்தவும் வேண்டாம்.

எப்போது டாக்டரைப் பார்க்கணும்?

சாப்பாடு மாறாமலே எடை வேகமாக ஏறினால், கூடவே களைப்பு, மாதவிடாய்க் கோளாறு இருந்தால், தைராய்டு, பிசிஓஎஸ் போன்றவை காரணமாக இருக்கலாம். ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், சில நீரிழிவு மருந்துகளும் எடையைக் கூட்டும். அவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள்.

இன்சுலின் போடுபவர்களும் நீரிழிவு மாத்திரை எடுப்பவர்களும் சாப்பாட்டைக் குறைக்கும் முன் கட்டாயம் டாக்டரிடம் பேச வேண்டும். இல்லாவிட்டால் சர்க்கரை அளவு ஆபத்தாக இறங்கிவிடலாம். அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் 1 ரிங்கிட். உணவியல் நிபுணரிடம் அனுப்பச் சொல்லியும் கேட்கலாம்.

கட்டுப்பாடே இல்லாமல் சாப்பிடுவது, சாப்பிட்டதும் வேண்டுமென்றே வாந்தி எடுப்பது, எடையை நினைத்தே நாள் முழுக்கக் கவலைப்படுவது ஆகியவை டயட் பிரச்சினை இல்லை, மருத்துவ உதவி தேவைப்படும் நிலை. சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555.

எந்த எண்ணிலிருந்து கணக்குப் போடுவது?

ஒருவர் 84 கிலோவில் தொடங்கி 75-க்கு இறங்கினார், இப்போது 79 என்று வைத்துக்கொள்வோம். 75-இலிருந்து பார்த்தால் 4 கிலோ தோல்வி. 84-இலிருந்து பார்த்தால் இன்னமும் 5 கிலோ குறைவு, ஏறக்குறைய 6 விழுக்காடு. தொடக்க எடையில் 5 விழுக்காடு குறைந்தாலே ரத்தச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் மேம்படத் தொடங்கும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அமெரிக்காவில் நீரிழிவு உள்ள 5,000-க்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த 'லுக் அஹெட்' ஆய்வில், தீவிரப் பயிற்சி பெற்றவர்களில் பாதிப் பேர் 8 ஆண்டுகள் கழித்தும் அந்த 5 விழுக்காட்டைத் தக்கவைத்திருந்தார்கள். அவர்களில் பலருக்கும் நடுவில் எடை ஏறத்தான் செய்தது.

79-இல் நிற்பவர் இன்னும் அந்த 5 விழுக்காட்டுக்கு உள்ளேதான் இருக்கிறார். அதைத் தக்கவைப்பதுதான் அவருக்கு முதல் வேலை. 75-ஐப் பற்றி அதன் பிறகு யோசிக்கலாம்.